துரை கட்டிய பாலம்

1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கர் அள்ளிய 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தை ஒருவழியாகப் பதுளையில் உட்கார்ந்து பார்த்தாயிற்று. கதை சயாமில், படம் பிடித்தது நம் கித்துல்கலவில். களனி கங்கைமேல் நிஜமாகவே ஒரு பாலம் கட்டி, நிஜமாகவே தகர்த்தார்கள். எங்கள் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் நூறு வருடம் தாண்டியும் நிற்கிறது. நிற்கிற பாலத்துக்கு யார் ஆஸ்கர் கொடுப்பார்?

படத்தில் வரும் கர்னல் நிக்கல்சனை எங்கோ பார்த்த முகமாக இருந்தது. கைதியாகக் கிடந்தாலும் வேலை குறித்த நாளில் முடிய வேண்டும், பேர் விளங்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரனையும் எழுப்பிக் கூட்டிப்போகிறார். அச்சு அசல் தோட்டத்துத் துரை! காலையில் ஆள் கூட்டும் பிரட்டுத் தப்பு ஒன்றுதான் குறை.

கதையில் அந்தப் பாலம் எதற்காகவோ, அந்த ரயில்பாதைக்கு 1942-43இல் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்களைப் படம் முழுக்கத் தேடினேன். சீழ்க்கையடித்தபடி வெள்ளைச் சிப்பாய்கள்தான் வந்தார்கள். சுமை தூக்க வந்த சயாம் பெண்களுக்காவது, அழகாக இருந்ததால், இடம் கிடைத்தது.

பாலம் வெடித்ததும் பக்கத்திலிருந்த மாமா அன்றைய கூலியை நினைத்துப் பதறிவிட்டார்: "செக்ரோல்ல இன்னைக்கு முழுப் பேரா, அரைப் பேரா?"