176-க்குச் சில்லறை உண்டா?

குடியரசுத் தலைவர் தேர்தலில் எல்லா எம்.எல்.ஏ.வும் ஒரே விலை இல்லை. உத்தரப்பிரதேசக்காரர் ஓட்டுக்கு மதிப்பு 208. சிக்கிம்காரருக்கு வெறும் 7. நம்ம தமிழ்நாட்டுக்காரருக்கு 176. எல்லாம் 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. நம்ம புதுக்கோட்டை மாவட்டம் உருவானதே 1974-ல்தான். பிறக்கும் முன்பே நமக்கு விலை போட்டுவிட்டார்கள். பிறந்த பிறகு? 2008 மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியையே அழித்து, ஆறு சட்டமன்றத் தொகுதிகளையும் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று பங்குபோட்டுக் கொடுத்தார்கள். நாலு எம்.பி. உண்டு. எங்க எம்.பி. என்று கைகாட்டத்தான் ஆள் இல்லை.

போகட்டும். மிச்சமிருக்கும் ஆறு எம்.எல்.ஏ., ஆறு 176, ஆக மொத்தம் 1,056. இதை வைத்து என்ன வாங்கினோம்?

சமஸ்தானம் இருந்த காலத்தில் இங்கே அம்மன் காசு புழங்கியது. எல்லை தாண்டினால் செல்லாது. ஆனால் ஊருக்குள் மதிப்பு உண்டு. இந்த 176 நேர்மாறு. சென்னையில் செலவாகி டெல்லியில் வரவாகும். ஊருக்குள் ஒரு டீ கூட வாங்காது.

மற்ற மாநிலத்துக்காரர்களைப் பாருங்கள். பா.ஜ.க. கூட்டணியில் இருந்துகொண்டே 2007-ல் பிரதிபா பாட்டீலை ஆதரித்தது சிவசேனை. மராட்டியப் பெண்மணி ஆயிற்றே. காங்கிரஸோடு சேர்ந்து ஆட்சி நடத்திக்கொண்டே 2022-ல் திரௌபதி முர்முவை ஆதரித்தது ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா. ஊர்ப்பாசமோ ஓட்டுக் கணக்கோ, காரணத்தைத் தங்கள் மண்ணில் தேடினார்கள். நமக்குக் காரணம் டெல்லியிலிருந்து போனில் வரும்.

2017-ஐ மறக்க முடியுமா? பிப்ரவரியில் நீட் விலக்கு மசோதாக்களைச் சட்டசபை நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் கையெழுத்துக்கு அனுப்பியது. ஜூனில் முள்ளூரில் நம்ம அரசு மருத்துவக் கல்லூரியைத் திறந்தார்கள். ஜூலை 17-ல் தேர்தல். அ.தி.மு.க. அப்போது மூன்று துண்டு; இரட்டை இலைக்கு அடிபிடி. ஆனால் ராம்நாத் கோவிந்துக்குக் கைதூக்குவதில் எடப்பாடி, ஓ.பி.எஸ்., தினகரன் மூவருக்கும் அப்படியொரு ஒற்றுமை! கையெழுத்துப் போடப்போகிறவருக்கே ஓட்டு. கையெழுத்து என்னாச்சு என்று கேட்க மட்டும் நாக்கு எழவில்லை. அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் வேறு யாருமில்லை, நம்ம விராலிமலை எம்.எல்.ஏ. விஜயபாஸ்கர்தான். செப்டம்பரில் மசோதாக்கள் ஒப்புதல் இல்லாமல் திரும்பின. அந்தச் சேதியே 2019-ல் உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசு வாய் திறந்தபோதுதான் ஊருக்கு உறைத்தது. இரண்டு வருஷம்! அதுவரை முள்ளூர்க் கல்லூரியைப் பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2017-ல் நம்ம ஆறு பேரில் அ.தி.மு.க. மூன்று, தி.மு.க. மூன்று. கட்சிக் கணக்குப்படி இங்கே 528, அங்கே 528. மாவட்டம் மொத்தமும் பூஜ்யம்.

தி.மு.க.காரர்கள் சிரிக்க வேண்டாம். 2022-ல் இங்கே கணக்கு ஐந்துக்கு ஒன்று. நீட்டை ஒழிக்கும் ரகசியம் தெரியும் என்று ஓட்டு வாங்கியவர்கள், புதிய விலக்கு மசோதா டெல்லியில் கிடக்கும்போது, வாஜ்பாயின் நிதியமைச்சராக இருந்த யஷ்வந்த் சின்ஹாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பா.ஜ.க.வை எதிர்த்தார்கள். என்ன கொள்கைப் பிடிப்பு! 2025 ஏப்ரலில் அந்த மசோதாவும் நிராகரிப்பு. ஜெயித்தவருக்குப் போட்டாலும் இல்லை, தோற்றவருக்குப் போட்டாலும் இல்லை. நகையை அடகு வைத்து கோச்சிங் சென்டருக்குக் கட்டுகிற தாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்தத் தேர்தலில் கொறடா உத்தரவு செல்லாது. ரகசிய வாக்கெடுப்பு, கட்சித்தாவல் சட்டம் கிட்டே வராது. எம்.எல்.ஏ. தன் இஷ்டப்படி ஓட்டுப் போடச் சட்டமே இடம் கொடுத்த நாள். ரோஸ் நிறச் சீட்டைக் கொடுத்து, ஊதா மை பேனாவையும் தேர்தல் ஆணையமே கொடுக்கிறது. முதுகெலும்பைத்தான் அவரவர் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

2027-ல் மறுபடி ஆறு பேர் கோட்டைக்குக் கிளம்புவார்கள். போகிற வழியில் கீரனூரிலோ அன்னவாசலிலோ காரை நிறுத்தி, எதைக் கேட்டு வாங்கிக்கொண்டு இந்த 176-ஐப் போடப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகட்டுமே. ஓட்டுதானே ரகசியம், விலையுமா?