சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி

46 வயதில் ஆர்15 வாங்கப்போவதாக அவர் சொன்னபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஏதோ மாத்திரையின் பெயர் என்று நினைத்துவிட்டார்கள்.

2008-இல் யமஹா அதை இந்தியாவில் இறக்கியபோது, 150 சிசி வண்டிக்கு ரேடியேட்டரும் ஆறு கியரும் பெரிய சமாச்சாரம். அப்போது அவருக்கு வீட்டுக்கடன். கடன் தீர்ந்தது, தொப்பை வந்தது, ஆசை மட்டும் போகவில்லை.

தாம்பரம் பக்கம் 2013 மாடல் ஒன்று கிடைத்தது. "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி." விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளையெல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டினார்கள் என்றால், நோயாளிகளை யார் பார்த்தது?

எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்து பார்க்கவேண்டும். சூட்டில் பல கோளாறுகள் வாயைத் திறக்காது. தொட்டார், சுட்டது.

"இப்பதான் பெட்ரோல் போட்டுட்டு வந்தேன் சார்."

மீட்டரில் பெட்ரோல் கோடு ஒன்றே ஒன்று. அதுவும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

போன மாதம் மாற்றியதாகச் சொன்ன டயரின் பக்கவாட்டில் 1814 என்றிருந்தது. 2014-இன் 18ஆவது வாரம் பிறந்த டயர் அது. ஹேண்டில்பாரின் இடது முனையில் கீறல்.

"நிறுத்தி வச்சிருந்தப்ப சாஞ்சிருச்சு."

"வலது பக்கமும் இருக்கே?"

"தூக்குறப்ப அந்தப் பக்கம் சாஞ்சிருச்சு சார்."

அந்தப் பதிலுக்கே தனியாக ஆயிரம் ரூபாய் கொடுக்கலாம். பேரம் பேசிய லட்சணத்தைப் பார்த்தால் கொடுத்துமிருப்பார். சேஸி நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போனது, கடன் பாக்கி இல்லை. முன் ஃபோர்க்கில் கசிந்த எண்ணெயை வியர்வையாக எடுத்துக்கொண்டு, ஃபாரம் 30-இல் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆக்சிலரேட்டரை ஒரு முறை முறுக்கிப் பார்த்தவரிடம் அதற்குமேல் நியாயம் எதிர்பார்க்க முடியாது.

வீட்டம்மா வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து ஒரே கேள்வி கேட்டார்: "சேலை கார்டு எங்கே?"

பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்கவேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. சேலையும் துப்பட்டாவும் சிக்காமலிருக்கத்தான் அது. அழகைக் கெடுக்கிறதென்று டாக்டர் கழற்றிப்போட்டிருந்தார். கார்டு வாங்கி மாட்ட ஒரு வாரம் ஆனது.

அடுத்து இருக்கை. 2011-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை இரண்டாகப் பிரித்து, பின்பாதியைப் பரண் மாதிரி உயர்த்திவிட்டார்கள். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். வீட்டம்மா ஏறி உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வண்டி கிளம்பும் நேரத்தில் கீழே பார்த்துச் சொன்னார்:

"அந்த ஸ்டூலையும் இப்படிக் கொடுங்க. கோயில்ல எறங்கணுமே."