துருசும் சேர்வரும்

கேள்வி: ஒழுங்கில்லாத கணினிக் கம்பனியில் வேலை செய்வது எப்படி இருக்கும்?
– பொறியியல் மாணவர், அறிவியல் நகர், கிளிநொச்சி

பதில்: கூட்டம் வைக்காமல் சிறுபோகம் விதைத்த மாதிரி. இரணைமடுக் குளத்தின் கீழ் எத்தனை ஏக்கர், எப்போது தண்ணீர் என்பதை முதலே கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். அந்தக் கம்பனியிலோ துருசைத் திறந்த பிறகுதான் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை யார் என்று தேடுவார்கள்.

சும்மா சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேர்வரைக் கப்பம் கேட்கும் வைரஸ் பிடித்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயே போய்விட்டன, அமைச்சரவை அலுவலகத்தினதும் சேர்த்து. அந்த மூன்று மாதத்துக்குக் காப்புப் பிரதி இல்லை. ஓடிக்கொண்டிருந்ததோ மின்னஞ்சல் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு! புதுப்பிக்கும் யோசனை 2021இலிருந்தே இருந்ததாம், காசுதான் இல்லை.

வெளிநாட்டிலும் இதே கூத்துத்தான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் இரவு வேலையில் தவறான சேர்வரில் தரவை அழித்துவிட்டார். ஐந்து வகைப் பிரதி ஏற்பாடுகள் இருந்தன, ஒன்றும் உதவவில்லை. ஆறு மணித்தியாலத்துக்கு முன் தற்செயலாக எடுத்த பிரதி ஒன்றுதான் காப்பாற்றியது.

நேர்முகத் தேர்வில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள் தம்பி: “பிரதியைக் கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?” ஆளையாள் பார்த்தால் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்புங்கள்.