பாசிக்குப் பந்தி

காரியாபட்டி வெயிலில் மீன்தொட்டியை ஜன்னலோரம் வைத்து, ராத்திரி பன்னிரண்டு வரை விளக்கும் போட்டால் பாசி வராமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, வருகிற விருந்தாளியெல்லாம் ஆளுக்கொரு சிட்டிகை தீனி. மீன் தின்றது போக மிச்சம் அழுகி, நைட்ரேட்டாகி, பாசிக்கு உரமாகிறது. மானாவாரிப் பருத்திக்குக்கூட இந்தக் கவனிப்பு கிடையாது.

விளக்கை 8 மணி நேரத்தில் அணையுங்கள், வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள் என்றால், “குடிக்கிறதே காசு கொடுத்து வாங்குற தண்ணி, மீனுக்கு வேறயா?” நியாயந்தான். ஆகவே பாசியைத் தின்றுவிடும் என்று கடைக்காரர் தலையில் கட்டும் சக்கர் மீன் வந்து சேர்கிறது. பூர்வீகம் தென்னமெரிக்கா. வளர்ந்தால் ஒரு அடிக்கு மேல். பாசியை மறந்து தங்கமீனின் தீனிக்குப் போட்டியிடும், கழிவையும் தன் பங்குக்குப் போடும். அப்புறம் கண்மாயில் விட்டுவிடலாமாம். மீன்பாசி ஏலம் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விடுங்கள். அதன் முள் வலையைக் கிழிக்கும்.