சட்டைப் பையில் இருந்த கம்ப்யூட்டர்

சென்னை அண்ணா சாலையில் காஸினோ தியேட்டர் பக்கம் இறங்கி, நரசிங்கபுரம் தெரு வழியாக ரிச்சி தெருவுக்குள் தொண்ணூறுகளின் கடைசியில் நுழைந்தவர்களுக்குக் கொட்டேஷன் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. கடைக்காரர் கையில் அகப்பட்ட ஒரு தாளின் பின்பக்கத்தில் பிராசஸர், மதர்போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், ஃப்ளாப்பி டிரைவ், கேபினெட், மானிட்டர் என்று மேலிருந்து கீழாக எழுதி, எதிரே விலை போட்டு, அடியில் ஒரு கோடு இழுத்துக் கூட்டித் தருவார். “ரேட்டு இன்னிக்கு மட்டும்தான் தம்பி” என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கடையில் இன்னொரு சீட்டு வாங்கி, தெருமுனை டீக்கடையில் இரண்டையும் விரித்துவைத்தால், இங்கே ரேம் மலிவு, அங்கே போர்டு மலிவு. என் முதல் கம்ப்யூட்டர் மேசைக்கு வரும் முன்னால் பல மாதங்கள் இப்படிச் சட்டைப் பையில்தான் குடியிருந்தது.

பெயர் பெற்ற கம்பெனிகளின் பிராண்டட் மெஷின்கள் எங்கள் வீட்டுக்கு எட்டாத விலையில் இருந்தன. பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்வதுதான் நடுத்தரக் குடும்பத்தின் வழி. அப்பா 30,000 ரூபாய் தருவதாகச் சொல்லிவிட்டார். அதற்குள் எதை எல்லாம் அடக்கலாம் என்பதைக் கண்டுபிடிக்க, நண்பர்களிடம் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன கம்ப்யூட்டர் பத்திரிகைகளை இரவுகளில் உட்கார்ந்து படித்தேன்.

அவற்றைப் படித்த என் தலைமுறைக்காரர்கள் செலரான் 300ஏ-யை மறந்திருக்க மாட்டார்கள். இன்டெல் 1998இல் விலை குறைந்த சிப்பாகக் கொண்டுவந்தது. பென்டியம் 2இல் 512 கே.பி. கேஷ் உண்டு, ஆனால் அது பிராசஸரின் பாதி வேகத்தில்தான் ஓடும். 300ஏ-யில் இருந்தது 128 கே.பி.தான் என்றாலும், சிப்புக்குள்ளேயே இருந்ததால் முழு வேகத்தில் ஓடும். போதாததற்கு, போர்டின் பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டால், 300 என்று விற்கப்பட்ட சிப் பல வீடுகளில் 450இல் ஓடியது. குறைந்த காசுக்கு வாங்கிய பொருளில் இத்தனை வலு ஒளிந்திருக்கிறது என்ற செய்தி, காசில்லாத ஒரு பையனுக்கு எவ்வளவு பெரிய நம்பிக்கை! பணம் கைக்கு வந்து நான் கடைக்குப் போன நாளில் 300ஏ போய் செலரான் 400 வந்திருந்தது. அதன் பெருக்கி 6 என்பதால் அந்த வித்தை அதனிடம் எளிதில் பலிக்காது. இருந்தாலும் அதைத்தான் வாங்கினேன், அதை நேசிக்கவும் செய்தேன்.

அதைவிடக் கடினமான முடிவு மதர்போர்டு. புதிதாக வந்திருந்த 810 சிப்செட் போர்டில் டிஸ்ப்ளே உள்ளேயே இருக்கும். தனியாகக் கார்டு வாங்கும் செலவு மிச்சம். ஆனால் அது மெயின் மெமரியிலேயே பங்கு கேட்கும். பிற்பாடு நல்ல கார்டு போடலாம் என்றால் ஏ.ஜி.பி. ஸ்லாட்டே கிடையாது. 440பிஎக்ஸ் போர்டு விலை கூடுதல், டிஸ்ப்ளே கார்டும் தனியாக வாங்க வேண்டும், ஆனால் நாளைக்கு என்று ஒரு காலி இடம் அதில் இருக்கும். அந்தக் காலி இடத்துக்காகவே பிஎக்ஸை எடுத்தேன். கையில் மிஞ்சிய காசுக்கு, அந்நாளில் ஊரெல்லாம் ஓடிய எஸ்.ஐ.எஸ். 6326 கார்டு ஒன்று. ஸ்லாட் 1 பிராசஸரை நிமிர்த்திப் பிடித்து, வீடியோ கேம் கேட்ரிட்ஜைச் செருகுவது போலச் செருக வேண்டும் என்பதே எனக்குப் பெரிய ஈர்ப்பாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரேம் விஷயத்தில்தான் உலகம் குறுக்கே வந்தது. 64 எம்.பி. என்று எழுதிய சீட்டு பையில் இருந்தபோது, 1999 செப்டம்பர் 21 அதிகாலையில் தைவானில் பூகம்பம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். மின்சாரம் நின்று, சின்ச்சு நகரத்துச் சிப் தொழிற்சாலைகள் முடங்கின. அடுத்த முறை நான் ரிச்சி தெருவுக்குப் போனபோது கடைக்காரர் பழைய சீட்டை வாங்கிப் பார்த்து, ரேமுக்கு எதிரே இருந்த எண்ணை அடித்து, மேலே புது எண்ணை எழுதினார். “தைவான்ல பூகம்பம் தம்பி, இங்க எங்க கையில என்ன இருக்கு?” வரைபடத்தில் தேடிப் பார்த்திராத ஒரு தீவில் வீடிழந்தவர்களைப் பற்றி நான் முதன்முதலாக யோசித்தது அந்தக் கவுன்ட்டர் முன்னால் நின்றுதான். 64 எம்.பி. 32 எம்.பி. ஆயிற்று.

பூட்டிய இரவை நினைத்தால் விரல்கள் இன்னும் கூசும். மலிவுக் கேபினெட்டின் தகட்டு விளிம்புகள் அத்தனை கூர்மை. நாற்பது கம்பி ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு ஒன்றாம் பின் பக்கம் வர வேண்டும், ஹார்ட் டிஸ்க் ஜம்பர் மாஸ்டரில் இருக்க வேண்டும், முன்பக்கப் பட்டனின் மெல்லிய ஒயர்களை மேனுவல் பார்த்து ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். அம்மா டார்ச் பிடித்தார். சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு ‘பீப்’. கறுத்த திரையில் வெள்ளை எண்கள் ஓடத் தொடங்கி, 32768கே ஓகே என்று நின்றன. வாங்கிய மெமரி சரியாக இருக்கிறதா என்று மெஷின் நம் கண்ணெதிரே எண்ணிக்காட்டியது! பிறகு விலை இறங்கியபோது இன்னொரு 32 எம்.பி. வாங்கிப் பக்கத்து ஸ்லாட்டில் செருகினேன். அந்த எண் பழைய இடத்தில் நிற்காமல் அதைத் தாண்டி 65536 வரை ஓடியதை வீட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது அக்கா மகன் தன் முதல் கம்ப்யூட்டருக்குப் பாகம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறான். எந்த பிராசஸர் எந்த போர்டில் சேரும் என்பதை அவனுக்கு ஓர் இணையதளமே சொல்லிவிடுகிறது. சேராததைப் போட்டால் சிவப்பில் எச்சரிக்கிறது. அன்று அதே கேள்விக்குக் கடை கடையாகக் கேட்டுத் திரிந்த எனக்கு அந்த வசதி வியப்பாகத்தான் இருக்கிறது. ஜம்பரும் இல்லை, ரிப்பன் கேபிளும் இல்லை. ஆள்காட்டி விரல் நீளத்தில் ஓர் எஸ்.எஸ்.டி., அதைப் போர்டில் படுக்கவைத்து ஒரு திருகு போட்டால் முடிந்தது. கேபினெட் விளிம்புகளும் வழவழப்பாகிவிட்டன. பிராசஸரின் பின்கள் இடம் மாறிப் போர்டின் சாக்கெட்டுக்குப் போய்விட்டன. எண்ணிக்காட்டும் அந்தக் கணக்கு மட்டும் போய்விட்டது. இன்றைய டிடிஆர்5 மெஷின் முதல் தடவை ஆன் ஆகும்போது மெமரியைத் தனக்குள்ளேயே பழக்கிக்கொள்கிறது. சில போர்டுகளில் நிமிஷக் கணக்கில் திரை இருட்டாகவே இருக்கும். புதியவர்கள் பயந்துபோய் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள்.

“மாமா, ரெண்டு மாசம் முன்னாடி லிஸ்ட் போட்டப்ப இருந்த ரேம் விலை இப்ப டபுளுக்கு மேல” என்று 2025 கடைசியில் அவன் வந்து நின்றபோது, என் பழைய சீட்டில் அடித்து எழுதப்பட்ட அந்த எண் கண்முன் வந்தது. இம்முறை எங்கும் பூமி அதிரவில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகின்றன. சிப் செய்பவர்களும் அதிக லாபம் தரும் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டார்கள். கால் நூற்றாண்டில் எல்லாம் மாறி, ரேம் வாங்கப் போன பையன் பாதியோடு திரும்பும் கதை மட்டும் மாறவில்லை. என்ன, அவனுக்குப் பாதி என்பது 16 ஜி.பி.; என் முதல் கம்ப்யூட்டரில் இருந்ததைப்போல 512 மடங்கு.

அவனிடம் நான் சொன்னது ஒன்றுதான்: “ஒரு குச்சி வாங்கு, பக்கத்து ஸ்லாட்டைக் காலியா விடு.” இரண்டு குச்சி ஜோடியாகப் போட்டால்தான் வேகம் என்று அவன் வாதாடினான். அவன் சொன்னதும் சரிதான். ஆனாலும் ஒரு குச்சியோடு தொடங்கச் சம்மதித்துவிட்டான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால், ரெடிமேடாக ஒன்றை ஆர்டர் செய்துவிடாதீர்கள். ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குக் கூட்டிப்போங்கள். தாளில் கொட்டேஷன் எழுதித் தரும்படி கேளுங்கள். பூட்டும்போது ஸ்க்ரூடிரைவரைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எதில் காசைக் குறைத்தாலும் பவர் சப்ளையில் மட்டும் குறைக்க வேண்டாம்.