புராணம் என்னும் சொல்: பொருளும் வழக்கும்

நெடுங்கதையைக் குறிக்க வீட்டு வழக்கில் பயிலும் சொற்கள் மூன்றனுள், இராமாயணம் 'என்ன பெரிய' என்னும் அடையோடு வருவது, பாரதம் அருகி வருவது எனும் அளவில் அமைய, எஞ்சிய புராணமே ஈண்டு ஆராயப்படுகிறது. முற்காலத்தில் புதிதாய் இருந்தது என்று யாஸ்கர் நிருக்தத்தில் இச்சொல்லைப் பகுத்துக் காட்டுவார். காலை 7 மணிக்கு எதிர்வீட்டில் நடந்தது 8 மணிக்குள் புராணமாகிவிடுவதால், பழைமை எய்த ஒரு மணி நேரம் போதும் என்பது பெறப்படும்.

உலகத் தோற்றம், ஒடுங்கி மீளத் தோன்றல், வமிசம், மனுக்களின் காலம், வமிசத்தார் வரலாறு எனப் புராணத்திற்கு வடநூலார் ஐந்து இலக்கணம் வகுத்தனர். ஓரகத்தி வீட்டுக் கல்யாணத்தில் மூன்றாம் பந்திக்கு அப்பளம் வராத புராணத்தில் இவை குறைவறக் காணப்படும். பெண் பார்த்த நாளில் தோன்றும் கதை, கேட்பவர் அடுப்படிக்குப் போய்வந்தால் ஒடுங்கி, 'முதல்லேருந்து சொல்றேன்' என மீளத் தோன்றும். காலம் 'பெரியவன் வயித்துல இருந்தப்போ' என அளக்கப்படும். வமிசமும் வமிசத்தாரும் வந்தபின் அப்பளம் வராது.

அவையடக்கமே விரிவாக நோக்கத்தக்கது. காப்பியப் புலவர் தம் சிறுமை கூறி அவையைப் பணியும் பகுதிக்கு இப்பெயர். வாசற்படிப் புராணத்தில் அது 'எனக்கெதுக்கு வம்பு' என ஒற்றை அடியாய் நிற்கும். 'நமக்கேன் வம்பு' என்பது பாடபேதம். இதிலுள்ள பன்மை கேட்பவரையும் உளப்படுத்தியது என்பர் ஒருசாரார். சொல்பவர் தமக்குத் தாமே அளித்துக்கொண்ட மதிப்பு என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒருவர் நூலுக்கு ஒருவர் அணிந்துரை எழுதுவதில்லை. வம்பு என்பதற்குத் தொல்காப்பிய உரியியல் நிலையின்மை எனப் பொருள் கூறுதலின், அவ்வடியைச் சொன்னவர் நிலைப்படியில் கையூன்றி 45 நிமிடம் அசையாது நிற்றல் இலக்கணத்தோடு முற்றும் பொருந்தும். வம்பாவது புறணியே என வாதிடுவோர், இடுப்புக் குடத்தோடு நின்று கேட்பவரின் காலைப் பார்த்தவரல்லர்.

கேட்பவர் இடையிடையே கூறும் 'ம்' அசைநிலையா, இசைநிறையா என்பது தீராத வழக்கு. பால் பொங்கும் ஓசை கேட்டு அவர் உள்ளே ஓடுவதை நூல் முற்றிற்று எனக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது, பால் இடைச்செருகலே என்பதற்குச் சான்று, பிடிதுணியோடு திரும்பியவரை வாசலில் எதிர்கொள்ளும் 'எதுல விட்டேன்?' என்னும் அடுத்த அடி.