நாகம்மாளின் பங்கு

ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவல் வந்தது 1942-ல். கொங்குக் கிராமம், புருஷனை இழந்த ஒருத்தி, கொழுந்தன் சின்னப்பன் கையில் இருக்கும் குடும்பத்துப் பூமி. தன் பங்கைப் பிரித்துக் கொடு என்கிறாள் நாகம்மாள். கெட்டியப்பன் தூபம் போடுகிறான். சின்னப்பன் சாவில் போய் முடிகிறது. எண்பதுகளில், கல்லூரி விடுமுறைக்கு வந்தபோது, இதை எங்கள் ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். விதைக்கடலை தொலித்துக்கொண்டே கேட்டாள். தேறிய பருப்பு ஒரு முறத்தில், சுருங்கியது இன்னொன்றில். கதை முடிந்ததும், “கெட்டியப்பன் பேச்சக் கேட்டதுதான் தப்பு கண்ணு. பங்கு கேட்டது தப்பில்ல” என்றாள்.

அதைச் சொல்ல அவளுக்குத் தகுதி இருந்தது. அப்பாரு போன பிறகு தோட்டத்துப் பண்ணையம் முழுக்க அவள் கையில். எந்தப் பாத்திக்கு என்றைக்குத் தண்ணி, எந்த மாடு சினை, யாருக்குக் கூலி பாக்கி, எல்லாம் அத்துபடி. பட்டாவில்தான் அவள் பேர் கிடையாது.

நாகம்மாள் காலத்தில் சட்டமே அப்படி. கணவன் சொத்தில் விதவைக்கு உரிமை தரும் சட்டம் 1937-லேயே வந்துவிட்டது. ஆனால் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941-ல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் அதை நிலத்துக்கும் நீட்டியது 1947-ல். இந்த இடைவெளியில்தான் நாவல் பிறந்திருக்கிறது. பூமியை விட்டால் வேறு சொத்தில்லாத வீட்டில், பெண் குழந்தையோடு நிற்கிறவளுக்கு ஜீவனாம்சம் கிடைத்திருக்கலாம், ஒரு முழ வரப்புகூடக் கிடைத்திருக்காது. அவளைப் பேராசைக்காரி என்று இன்றும் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்றைக்குச் சட்டத்தில் பெரிய குறையில்லை. 1989-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், கல்யாணமாகாத மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனோடு சமபங்கு தந்தது. 2005-ல் வந்த மத்தியத் திருத்தம் கட்டிக்கொடுத்த மகளையும் சேர்த்துக்கொண்டது. ஆத்தாவின் தோட்டத்தில் ஒரு பாகம் இப்போது என் பேரில் இருக்கிறது. சிட்டா, அடங்கல் எல்லாம் என் பேர். கிணறு மட்டும் பொது.

ஆனாலும் சைட் புரோக்கர் வந்தால், வரப்பில் மண்வெட்டியோடு நிற்கும் என்னைப் பார்த்து, “ஏனுங், வீட்டுல ஆம்பளைங்க இல்லீங்களா?” என்கிறார். உரக்கடையில் கேட்காமலே என் கணவர் பேருக்குப் பில் போடுகிறார்கள். சொட்டுநீர்க் குழாய் போட வந்தவர், வால்வை எந்த மூலையில் வைப்பது என்று சென்னையில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

என்னோடு படித்தவர்களில் பலர் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பங்கு வாங்கினால் சீர் நின்றுவிடும், நோம்பிக்குக் கூப்பிட மாட்டார்கள் என்கிற பயம். அது வீண் பயம் அல்ல. அப்படிப் பேச்சுவார்த்தை அற்றுப்போன வீடுகள் எங்கள் ஊரிலேயே உண்டு. கொடுக்காதவர்களில் சிலருக்குப் பட்டா இருக்கிறது, காட்டில் என்ன விதைத்திருக்கிறது என்று தெரியாது. ஆத்தாவிடம் பண்ணையம் இருந்தது, பத்திரம் இல்லை. நாகம்மாள் கேட்டது இரண்டையும்தான் என்றே நான் வாசிக்கிறேன்.

இந்த ஆடிப்பட்டத்துக்கு எள்ளா சோளமா என்று என் மகளையே முடிவு செய்யச் சொல்லியிருக்கிறேன். அவள் சோளம் என்கிறாள்; தட்டு மாட்டுக்கு ஆகும் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். கிணற்றில் எவ்வளவு தண்ணி நிற்கிறது என்று பார்த்துவிட்டு விதைப்போம்.